பதுக்கெ

என் தமிழ்க் கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் ஸார். மட்டாஞ்சேரியில் பிறந்து மலையாளப் பள்ளியில் படித்தவன் நான். தமிழ் எழுத்து வீட்டில் கற்றது. உங்களுக்குப் படிக்க வராது என்றால் வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள். இதை நான் மொழிபெயர்க்க மாட்டேன்.

தோப்பும்படியில் படகுச் சாமான் வார்க்கும் பட்டறையில் பத்தொன்பது வருஷம் உலை என் கையில் இருந்தது. இரும்புக் குழம்பில் கரி கூடிவிட்டால் துருச்செதில் போடுவோம். அது மேலே மிதக்கும் கசடில் கரையும். கசடும் இரும்பும் தொடுகிற இடத்தில் கரி வாயுவாகிக் கொப்புளிக்கும். என்ன வேகத்தில் கொப்புளிக்கிறது என்பதில்தான் தொழிலே இருக்கிறது. கசடு ஆறித் தடித்துக் கிடந்தால் பரம சாது. கம்பி விட்டுக் கலக்கினால் அதுவரை நடக்காததெல்லாம் ஒரே மூச்சில் நடந்துவிடும்.

போன வருஷம் அனில் சூப்பர்வைசராக வந்தான். இருபத்தெட்டு வயது. முதல் மாதமே எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டு சொன்னான்: "பாண்டிக்கு ரியாக்‌ஷன் ரேட்டொக்கெ எவிடெ மனஸிலாவான்?" கொப்புளிக்கிற வேகமெல்லாம் இந்தத் தமிழனுக்கு எங்கே புரியப்போகிறது என்று கேலி. உலையைப் பிடுங்கிக்கொண்டான். தமிழ்நாட்டிலிருந்து வரும் ஆட்களுக்கு மலையாளத்தைத் தமிழில் சொல்வது மட்டும் என் வேலை என்றான். மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிறோம். அன்றிலிருந்து அவன் மேல் வஞ்சம் வைத்திருந்தேன்; அதை மறைக்கப் போவதில்லை.

வீரபாண்டி தென்காசிப் பக்கத்து ஆள். வந்து பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. எதையும் கேட்டுத்தான் செய்வான். அன்று காலை அனில் அவனிடம் துருக்கூடையைக் காட்டி, "பதுக்கெ இட்டா மதி" என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குள் போனான். மெதுவாகப் போட்டால் போதும் என்று அர்த்தம். வீரபாண்டி நேரே என்னிடம் வந்தான்.

"அண்ணே, பதுக்கிப் போடணுமாமே? எங்க பதுக்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"கசடு மேல மொத்தக் கூடையையும் கொட்டி, மணலைப் போட்டு மூடிரு. வெளிய தெரியக் கூடாது."

அழகாக மூடினான். உலையின் சூட்டைக் குறைத்து வைத்திருந்த நேரம். கசடு பாறையாய்க் கிடந்தது. சூட்டை ஏற்றச் சொல்லி, கசடு இளகியதும் அனில் கம்பியோடு வந்தான். வீரபாண்டி பக்கத்தில் நின்றான். அவனைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் அனிலும் திரும்பிப் பார்த்திருப்பான். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். அனில் கலக்க ஆரம்பித்ததும் எண்ணினேன். ஐந்து ஆகும் என்று நினைத்திருந்தேன், மூன்றிலேயே இரும்பு கூரை வரை எழும்பியது. இரண்டு பேரும் அங்கேயே போய்விட்டார்கள்.

வீரபாண்டியின் மனைவி மாடத்தி நேற்று போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தாள். அவள் பேசுவதை உங்களுக்குச் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டீர்கள். "எங்க வீட்டுக்காரரு கேக்காம ஒரு துரும்பைத் தொட மாட்டாரு. பாஷை சொல்லித் தர்ற அண்ணன் ஒருத்தர் இருக்காராம், அவர்கிட்டக் கேட்டுத்தான் போட்டிருப்பாரு, அவரை விசாரிங்க" என்றாள். உடலைச் சீக்கிரம் ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமாம் என்று நான் உங்களிடம் சொன்னேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். வெளியே வந்ததும் அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

உங்கள் அறிக்கையில், பாஷை தெரியாத தொழிலாளியின் தவறு என்று இருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. திருத்திவிடுங்கள். அனிலைக் கொன்றது நான்தான். வீரபாண்டியை நான் ஒன்றும் செய்யவில்லை ஸார். அவன் கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.