பன்னிரண்டாம் பகுதியைப் பார்க்க

அந்தி மஃரிப் பாங்கு சொல்லிக் கால்மணி நேரம் இருக்கும். மாம்புரிப் பக்கம் தென்னந்தோட்டங்களுக்கு நடுவே போகும் வீதி... ஒரு ஓட்டோகூட இல்லை. அந்த வீதியோரம், ஊரில் இறந்தவர்களை அடக்கம் செய்யும் ஜனாஸா சங்கத்தின் சின்ன அலுவலகம். உள்ளே ஸும்ரா தனியாக. இவள் என் பக்கத்து வீட்டு நிஃப்லாவின் மாமி மகள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. சிரிக்காமல் கேளுங்கள்.

சங்கத்தின் பெயர்ப்பட்டியலை அவள் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். உயிரோடு இருப்போர் ஒரு பட்டியல், மவுத்தானோர் இன்னொன்று. அவசரத்தில் ஒரு வரி தவறி அழுத்திவிட்டாள். மவுத்துப் பட்டியலுக்குப் போனது யார் தெரியுமா? அவளுடைய கணவன் முபாரிஸ். அந்த நேரம் அவன் கடலில்...

மென்பொருளின் இணைய உதவிப் பக்கத்தைத் திறந்தாள். 'தவறாக மாற்றிய பெயரை மீட்க, பன்னிரண்டாம் பகுதியைப் பார்க்க' என்றிருந்தது. தட்டினாள். தலைப்பைக்கூட வாசிக்காமல், சொன்ன படிகளை ஒவ்வொன்றாகச் செய்தாள். 'ஒரு பெயர் மீட்கப்பட்டது' என்று வந்தது.

முபாரிஸ் அல்ல. ஜபார், வயது ஆறு. அவளுடைய தம்பி. தொண்ணூறில் ஊரோடு விரட்டப்பட்டு மன்னாரை விட்டு வந்தபோது வள்ளத்திலிருந்து விழுந்தவன்; அடக்கம் செய்ய ஜனாஸாகூடக் கிடைக்கவில்லை. பன்னிரண்டாம் பகுதி, பட்டியலின் மிகப் பழைய பெயரை மீட்பதற்கானது. உதவிப் பக்கமே அவளைத் தவறான இடத்துக்கு அனுப்பியிருக்கிறது.

வெளியே... சளக். சளக். ஈரக் காலடி. கடற்பாசி வாடை கதவிடுக்கால் வந்தது.

"ராத்தா... கதவத் தொறங்க. குளிருது."

முப்பது வருடத்துக்கு மேலானால் என்ன, தம்பியின் குரல் அக்காவுக்குத் தெரியாதா? எழுந்தே விட்டாள். அப்போது ஃபோன் அடித்தது. முபாரிஸ்.

"ஸும்ரா, வள்ளத்துக்குள்ள தண்ணி ஏறுது..." பிறகு இரைச்சல். பிறகு அதுவுமில்லை.

தேடித் தேடி ஒருவாறு சரியான பகுதியைப் பிடித்தாள். முதல் படி: 'கடைசியாக மீட்ட பெயரைத் திருப்பி அனுப்பவும்.'

கதவு மெதுவாகத் தட்டப்பட்டது. ஸும்ரா வாய்விட்டு அழுதாள். அழுதபடியே ஜபாரைத் திருப்பி அனுப்பினாள். தட்டும் சத்தம் நின்றது. பிறகு முபாரிஸை மீட்டாள்.

இரவு இஷாத் தொழுகை தாண்டி அவன் கரையேறினான், முழுக்க நனைந்து. வீடு வந்து, ஸும்ரா நீட்டிய துவாயைப் போர்த்திக்கொண்டான். பிறகு சொன்னான்:

"ஒரு சின்னப் புள்ள... தண்ணிக்குள்ள நிண்டு வள்ளத்தத் தள்ளிக் கரைக்குக் கொண்டாந்திச்சி. ஒரே அழுக, ஸும்ரா. 'ராத்தா இண்டைக்கும் என்ட கைய விட்டுட்டா'ண்டு."