சாரம் சேர்த்த விலை

உங்கள் செயலியில் குறை ஒன்றும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களைப் போன்ற சின்ன பெயின்டிங் கான்ட்ராக்டர்களுக்கு இந்தக் கட்டணத்தில் வேறு யாரும் இப்படி ஒன்றைத் தருவதில்லை. மாதத்துக்கு ஒரு நல்ல பிரஷ் வாங்கும் காசுகூட ஆவதில்லை. நிறைய கொட்டேஷன் அனுப்பியும் ஓராண்டுக்கு மேலாக ஒன்றுகூட உறுதியாகவில்லையே, எங்கள் ஆள் பேசி உதவட்டுமா என்று அக்கறையாகக் கேட்டிருந்தீர்கள். அதற்குத்தான் இந்தப் பதில்.

என் கணவர் வீடுகளின் வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர். செயலி வருவதற்கு முன் சுவர் எதிரில் நின்று தலையைச் சொறிந்துவிட்டு வாயில் வந்த விலையைச் சொல்வார். கேட்டவர் முகம் சுண்டினால் அவரே குறைத்துவிடுவார். சுவர் அழுதால்கூட இவன் விலையைக் குறைப்பான் என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். மகன்தான் செயலியை என் போனில் ஏற்றிக் கொடுத்தான். அவர் அளவு சொல்வார், நான் தட்டுவேன். பெயின்ட், பட்டி, கூலி, ஏறி நிற்கச் சாரம் கட்டுகிற வாடகை எல்லாவற்றையும் கூட்டிவிட்டு, லாபம் எத்தனை சதவீதம் என்று கடைசியில் ஒரு கட்டம் கேட்கும். விலை கேட்பவர்களுக்கு அந்தக் கட்டம் தெரியாது. அவரும் பார்த்ததில்லை. போனில் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுகிறது என்பார்.

செயலி வந்த ஆண்டு ஒரு வாரம் விடாமல் மழை. வேலை இல்லாமல் வீட்டில் இருந்தார். கல்யாணமானதிலிருந்து விடியுமுன் போய் இருட்டிய பின் வருகிறவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அந்த வாரம் சமையலறைக் குழாயைச் சரிசெய்தார். மதியம் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "உனக்குக் கழுத்துல மச்சம் இருக்கா? இத்தனை வருஷம் எங்க ஒளிச்சு வச்சிருந்த?" என்றார்.

மழை விட்டதும் ஒரு மாடி வீட்டுக்கு விலை கேட்டார்கள். லாபக் கட்டத்தில் வழக்கமாகப் போடுவதைப்போல் நான்கு மடங்கு போட்டேன். அவர்கள் திரும்பக் கூப்பிடவில்லை. இன்னும் ஒரு வாரம்தானே என்று நினைத்துக்கொண்டேன். உயரத்தில் ஏறுகிற வேலை, அவருக்கும் வயதாகிறது, இதுவும் ஒரு பாதுகாப்புத்தான். எங்கள் வீட்டு மாடியை வாடகைக்கு விட்டிருந்ததால் பட்டினி இல்லை. அடுத்ததற்கும் அப்படியே போட்டேன். அதற்கடுத்ததற்கும்.

வேலை நின்றதற்கு அவர் என்னைக் குறை சொல்லவில்லை, செயலியையும் சொல்லவில்லை. தன் கைமேல்தான் சந்தேகப்பட்டார். பழைய வேலை எங்கேயோ உரிந்து, அது ஊரெல்லாம் பரவிவிட்டது என்று முடிவுகட்டினார். மாலையில் கிளம்பி, பல வருடங்களுக்கு முன் தான் பெயின்ட் அடித்த வீடுகளைத் தேடிப் போவார். வெளிச்சுவரைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்ப்பார். கெட்டுப்போன பெயின்ட் என்றால் விரலில் மாவு ஒட்டும். ஒருநாள் விரல் சிவக்கச் சிவக்க வந்து, "எங்கயுமே மாவு வரல. அப்புறம் ஏன் யாரும் கூப்பிட மாட்டேங்கிறாங்க?" என்று கேட்டார். நான் கையைப் பிடித்துக் கழுவிவிட்டேன். என் மடியில் தலை வைத்து அழுதார். அப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் அவ்வளவு கிட்டத்தில் என்றைக்கும் இருந்ததில்லை.

அவர் இரண்டு முறை பெயின்ட் அடித்த வீட்டு டீச்சரம்மாவும் விலை கேட்டிருந்தார். கொட்டேஷனைப் பார்த்துவிட்டு, வழியில் இவரைக் கண்டபோது, வேலை செய்யப் பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல்லியிருக்கலாமே என்று வருத்தப்பட்டிருக்கிறார். டீச்சரம்மா தொகையைச் சொன்னதும் என் கணவர் அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாராம். பிறகு பழைய விலைக்கே செய்துதருகிறேன் என்றாராம். "வீட்ல தெரிய வேணாம் டீச்சர். பாவம், அவ கணக்கு எங்கயோ தப்பிடுச்சு. தெரிஞ்சா மனசு ஒடஞ்சு போயிடுவா."

பழைய விலைக்குள் சாரமும் துணை ஆளும் அடங்கவில்லை. விலைவாசி அப்படி ஏறியிருந்தது. இரண்டு ஏணிகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டித் தனியாக ஏறினார். என்னிடம் நண்பரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. நல்ல சட்டை போட்டிருந்தார்.

அவர் ஏணியிலிருந்து விழுந்து இறந்த அன்று, சாவு வீட்டில்தான் டீச்சரம்மா இதையெல்லாம் என்னிடம் சொன்னார். என் கையைப் பிடித்துக்கொண்டு தன்னை மன்னிக்கச் சொன்னார். மன்னித்தேன்.

விலையை ஏற்றியது நான்தான். மறைக்கவில்லை. ஆனால் ஒன்றை நீங்களே பாருங்கள். டீச்சரம்மாவுக்கு நான் அனுப்பிய கொட்டேஷன் உங்களிடம் இருக்கும். அதில் சாரத்துக்குத் தொகை போட்டிருக்கிறேன். துணை ஆளுக்கும் போட்டிருக்கிறேன். நான் சொன்ன விலைக்குச் செய்திருந்தால் அவர் இன்று இருந்திருப்பார்.

இப்போது மகன் பார்த்துக்கொண்டிருந்த கடை வேலையை விட்டுவிட்டு அப்பாவின் தொழிலையே எடுத்துக்கொண்டான். அவன் அளவு சொல்கிறான், நான் தட்டுகிறேன். அவன் இதுவரை ஏணியில் கால் வைக்கவில்லை. எனவே உங்கள் ஆள் யாரும் பேச வேண்டியதில்லை, எல்லாம் சரியாகத்தான் போகிறது. சந்தாவை மட்டும் மகன் பெயருக்கு மாற்றிப் புதுப்பித்துவிடுங்கள்.

நேற்று மாலை அவனும் எங்கேயோ போய்விட்டு வந்தான். கட்டைவிரல் சிவந்திருந்தது. நான் கையைப் பிடித்துக் கழுவிவிட்டேன்.