ஏழாம் கேள்விக்கு ஒரு சிறு திருத்தம்

மதிப்பிற்குரிய டாக்டரம்மா,

அன்று உங்கள் பல் கிளினிக்கின் காத்திருப்பறையில் நான்கு பேர் இருந்தோம். சன்னலோர நாற்காலியில் கன்னத்தைப் பிடித்தபடி என் அத்தான். பக்கத்தில் அக்கா. மேசைக்குப் பின்னால் உங்கள் வரவேற்பாளர். மீன்தொட்டியை ஒட்டி, மடியில் படிவத்துடன் நான்.

எங்கள் வீட்டில் எதை எழுதுவதென்றாலும் நான்தான். அதனால் அத்தான் எனக்கு வைத்த பெயர் 'பேனாமூடி'. பதினோரு வருடமாக அவர் வீட்டு மாடியறையில் இருக்கிறேன். விருந்தாளி யார் வந்தாலும், "இவன் என் மச்சினன். பொண்ணு பார்க்கப் போன இடத்துல வாயே திறக்காம, விண்ணப்பம் எழுதிக் கொடுத்துட்டு வந்தவன்" என்று ஆரம்பித்துவிடுவார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நல்ல பேச்சுக்காரர், வாய்க்கு ஓய்வு கொடுக்கத்தான் தெரியாது.

ஏழாம் கேள்வி, எடுத்துக்கொள்ளும் மருந்துகள் பற்றியது. எலும்புத் தேய்வுக்காக அத்தானுக்கு வருடத்துக்கு ஒருமுறை நரம்பில் மருந்து ஏற்றுகிறார்கள். அந்த டாக்டர் சொன்னதைத் தேதி போட்டுக் குறித்து வைத்திருக்கிறேன்: 'பல் பிடுங்குவதானால் முதலில் இந்த மருந்தைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புண் ஆறாமல் தாடையெலும்பு செத்துப்போகலாம்.'

நான் 'இல்லை' என்று எழுதினேன்.

நீங்கள் கடமை தவறவில்லை. அவரைச் சாய்த்து உட்காரவைத்த பிறகும் ஒருமுறை கேட்டீர்கள். "அதெல்லாம் நம்ம பேனாமூடி எழுதியிருப்பான் டாக்டர். ஒரு புள்ளியைக்கூட விடமாட்டான்" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவர் என்னைப் பாராட்டியது வாழ்நாளில் அந்த ஒருமுறைதான்.

பல் பிடுங்கிய புண் ஆறத் தாமதமானால் சாப்பாட்டு மேசையில் பத்து நாள் அமைதி கிடைக்கும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். இப்போது இரண்டு அறுவைச் சிகிச்சை முடிந்து அத்தானுக்குத் தாடையில் பாதி இல்லை. ஆகாரம் குழாய் வழியே போகிறது. சொல்ல வேண்டியதைத் துண்டுச்சீட்டில் எழுதி நீட்டுகிறார். பிழைகள் ஏராளம், நான் சிவப்பு மையில் திருத்திக் கொடுக்கிறேன்.

நேற்று அக்கா சொன்னாள், "டாக்டரம்மா எல்லாம் தன் தப்புன்னு சொல்லி அழுதாங்கடா. கிளினிக்கையே மூடப் போறாங்களாம்." அது நியாயமில்லை. தவிர, என் கையெழுத்தில் ஒரு தவறான பதில் உங்கள் கோப்பில் கிடப்பது எனக்குப் பெரிய உறுத்தலாக இருக்கிறது. சரியான பதிலுடன் புதிய படிவம் இணைத்திருக்கிறேன். பழையதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை வைத்துக்கொள்ளுங்கள். அதோடு எல்லாம் சரியாகிவிடும்.

இப்படிக்கு,
நோயாளியின் மச்சினன்

பி.கு. (உறையின் பின்புறம்): ஒட்டியாயிற்று. தபால்பெட்டிக்கு அத்தானே கொண்டுபோகிறார். தினமும் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருக்கிறார்களே. 'யாருக்கு?' என்று சீட்டில் கேட்டார். "உங்க உடம்பைப் பத்தி டாக்டரம்மாவுக்குத்தான் அத்தான்" என்றேன். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பேசாமல் இருந்தால் எவ்வளவு பிரியமான மனிதர், பாருங்கள்.