ஏற்றமில்லாத வழி

குளிர்காலத்தில் டயரில் காற்றைக் கொஞ்சம் தூக்கலாகவே வைத்துக்கொள்ள வேண்டும் ஐயா. குளிரில் காற்று சுருங்கிவிடும். இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, வண்டி பெட்ரோலாகக் குடிக்கிறது என்று தயாரித்தவனைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர். உள்ளே வரும்போது உங்கள் காவல் நிலையத்து வண்டியைப் பார்த்தேன். முன் டயர் இரண்டும் சற்று அமுங்கியிருக்கின்றன. யாரிடமாவது சொல்லிவையுங்கள்.

என் பெயர் நிவா. ஏற்கெனவே சொன்னதுதான், இருந்தாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு வரும். ஏரிக்கரையில் இருக்கும் கடிகார உதிரிபாக ஆலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். ஒரு பல்சக்கரம் மயிரிழை கூடுதலாக இருந்தாலும் தூக்கிப் போடுகிற வேலை. என்னோடு வேலை பார்த்தவர்கள் என்னைக் கஞ்சன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கறார் என்பார்கள். அது வேறு, இது வேறு.

ஓய்வு பெற்றதும், பெட்ரோலிலும் பேட்டரியிலும் மாறி மாறி ஓடும் அந்தப் பெரிய ஹைபிரிட் காரை வாங்கினேன். சாம்பல் நிறத்தைத் தேர்ந்தெடுத்தவள் என் மனைவி ஃபுசாயே. "ரெண்டு பேருக்கு எதுக்குங்க இம்மாம் பெரிய வண்டி? பக்கத்து வீட்டு ஓசாவா-சான் ஜன்னல் திரையை விலக்கி விலக்கிப் பார்க்கிறாங்க" என்று சிணுங்கினாள். ஆனால் ஏறி உட்கார்ந்ததும் தோல் இருக்கையைக் கையால் தடவிக்கொண்டே வந்தாள். அவளுக்கு அந்த வண்டி பிடித்திருந்தது. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

பெட்ரோல் காசை மிச்சம் பிடிக்கத்தான் இத்தனையும் என்று நினைக்காதீர்கள். காசு முக்கியமென்றால் சின்ன வண்டி வாங்கியிருப்பேனே. இரண்டு டன் கனத்தை, உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாமல், ஒரு சின்ன வண்டி குடிக்கிற அளவில் ஓட்டுவதில்தான் விஷயம் இருக்கிறது. பெடலை மெல்ல மிதித்து வேகம் பிடிக்க வேண்டும். பிறகு காலை லேசாக எடுத்தால் இன்ஜின் தூங்கிப்போகும், திரையில் பச்சை விளக்கு எரியும், வண்டி மின்சாரத்தில் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். தொலைவில் சிக்னல் சிவப்பாகப் போகிறது என்று முன்னாலேயே தெரிந்துகொண்டால், பிரேக்கை மெதுவாகத் தொட்டு, ஓடிய வேகத்தையெல்லாம் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பிவிடலாம். ஒன்றும் வீணாகாது. ஒரு லிட்டருக்கு எவ்வளவு தூரம் என்று திரை சொல்லும். அந்த எண் ஏறும்போது நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், ஆலையில் இத்தனை வருடம் இருந்தும் அப்படியொரு நிம்மதியை நான் அனுபவித்ததில்லை.

எங்களுக்கென்று ஒரு குழு உண்டு. இதே வண்டி வைத்திருப்பவர்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நெடுஞ்சாலை ஓரத்து அங்காடியில் கூடுவோம், சூடாக நூடுல்ஸ் சாப்பிடுவோம், எண்களைப் பேசுவோம். பல் மருத்துவர் ஹதகெயாமா குளிர்காலத்திலேயே லிட்டருக்கு இருபத்தேழு கிலோமீட்டரைத் தொட்டவர். தொட்டதிலிருந்து அவர் வாயை மூட முடியவில்லை. "நிவா-சான், நீங்க ஓட்டுறதைப் பார்த்தா எனக்கு ஊசி போடாமப் பல்லைப் பிடுங்கிக்கிட்டவன் ஞாபகம்தான் வருது. இவ்வளவு வேதனை எதுக்கு? விட்டுட்டு ஜாலியா ஓட்டுங்களேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஃபுசாயே மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், "அவர் பேசினதை மனசுல வச்சுக்காதீங்க" என்றாள். என்மேல் அவ்வளவு அக்கறை அவளுக்கு.

குளிர்காலத்தில் எண் ஏறாததற்கு முக்கியக் காரணம் ஹீட்டர். உள்ளே சூடு வேண்டுமென்றால் இன்ஜின் விழித்துக்கொள்ளும். அதனால் நாங்கள் ஹீட்டர் போடுவதில்லை. அவளுக்கென்று ஒரு கம்பளி வாங்கி வைத்திருந்தேன், கோட்டுப் பையில் போட்டுக்கொள்ள, குலுக்கினால் சூடாகும் சூட்டுப் பொட்டலங்களும் கொடுப்பேன். அவள் ஒருமுறைகூட முணுமுணுத்ததில்லை. கனமும் ஒரு காரணம். பின்னால் வைத்திருந்த குடை, பனி தள்ளும் மண்வெட்டி, அவளுடைய மடக்கு நாற்காலி எல்லாவற்றையும் இறக்கிவிட்டேன். கடைக்குப் போய்வரும்போது எங்கள் தெருவுக்கு ஏறும் சரிவின் அடியில் அவள் இறங்கிக்கொள்வாள். பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வருவாள். வயதானவர்களுக்கு நடை நல்லது என்று எல்லா மருத்துவர்களும் சொல்கிறார்கள். இலையுதிர்காலத்திலிருந்து அந்தச் சரிவில் மூச்சு வாங்குகிறது என்று ஒன்றிரண்டு தடவை சொன்னாள். நான்தான் மலை மருத்துவமனைக்கு அழைத்துப் போய் இதயத்தைச் சோதனை செய்யவைத்தேன். கவனிக்காத புருஷன் அதைச் செய்வானா?

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

மதியம் கடைக்குப் போய்த் திரும்பினோம். வழக்கம்போல் சரிவின் அடியில் அவளை இறக்கிவிட்டேன். நான் வந்து வண்டியை நிறுத்தி வெகுநேரம் கழித்துத்தான் அவள் வந்தாள். செருப்பு கழற்றும் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முள்ளங்கி உருண்டு வெளியே போனது, அதை எடுக்கக்கூட அவள் குனியவில்லை. வெளியே பனி கொட்டுகிறது, அவள் நெற்றியில் வேர்த்துக் கொட்டுகிறது. இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். கேட்டேன் ஐயா, இதில் மறைக்க ஒன்றுமில்லை. "வேணாங்க, சைரன் போட்டுக்கிட்டு வரும். தெருவே வெளிய வந்து நிக்கும்" என்றாள். எங்கள் தெருவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வருடம் முன்பு ஓசாவா வீட்டுக் கிழவருக்கு ஆம்புலன்ஸ் வந்தது. மறுநாள் அந்த அம்மாள் வீடு வீடாக அரிசி பிஸ்கட் பெட்டி கொண்டுபோய், சத்தம் போட்டுத் தொந்தரவு கொடுத்ததற்குக் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார். கிழவர் அப்போது ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடந்தார். ஃபுசாயே அந்தப் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு அன்று முழுக்க அழுதாள். "எனக்கு இப்படி எதுவும் ஆச்சுன்னா நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்க" என்று அன்றே சொன்னாள். அவள் சொன்னதைத்தான் செய்தேன்.

பின் இருக்கையின் நடுவில் உட்காரவைத்து, பெல்ட் போட்டு, கம்பளியால் போர்த்தினேன். வண்டியைக் கிளப்பியபோதுதான் கவனித்தேன். கடைக்குப் போய்வந்த சூட்டில் இன்ஜின் இதமாக இருந்தது, பேட்டரி முக்கால்வாசி நிறைந்திருந்தது. குளிர்காலத்தில் எண் ஏற இப்படி அமைவது அபூர்வம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுதான் சொல்கிறேன். அந்த நிமிடத்தில் திட்டம் எதுவும் போடவில்லை.

கூட்டுரோட்டில் இடதுபக்கம் திரும்பினால் மலை மருத்துவமனை. பக்கம்தான். ஆனால் அடிவாரத்திலிருந்து வாசல் வரை ஒரே ஏற்றம், பனியில் இன்ஜின் கத்திக்கொண்டே ஏற வேண்டும். வலதுபக்கம் போனால் ஏரிக்கரை நகரத்துப் பெரிய மருத்துவமனை. தூரம், ஆனால் வழி நெடுக இறக்கம். பெரிய இடத்தில் பெரிய மருத்துவர்கள் இருப்பார்கள். யாரும் அப்படித்தான் யோசிப்பார்கள். மலை மருத்துவமனையிலும் இதயப் பிரிவு உண்டு என்று நேற்று நீங்கள் சொன்னீர்கள். உண்டு. சோதனைக்கு அழைத்துப் போனவனே நான்தானே, எனக்குத் தெரியாதா?

நான் வலதுபக்கம் திரும்பினேன். அவள், "என்னங்க, மேல போகலையா?" என்றாள்.

"கீழ பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. அங்க நல்லாப் பார்ப்பாங்க."

அவள் கம்பளியைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டாள். பிறகு, "சரிங்க. உங்களுக்குத்தான் தொந்தரவு" என்றாள்.

பச்சை விளக்கு எரிந்தது. வண்டி இறக்கத்தில் பஞ்சுபோல் போயிற்று. உள்ளே அத்தனை அமைதி. இன்ஜின் சத்தம் இல்லாததால் அவள் மூச்சு மட்டும் கேட்டது, யாரோ ஈரத் துணியைக் கிழிக்கிற மாதிரி. மலை மருத்துவமனைக்குத் திரும்பும் அந்தக் கூட்டுரோடு பின்னால் போய் மறைகிறவரை அவள் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "குளிருது" என்றாள். பல் அடித்துக்கொண்டது. ஹீட்டர் பொத்தானுக்குப் பக்கத்தில் என் விரல் போனது உண்மை. போட்டால் இன்ஜின் விழித்துக்கொள்ளும். இன்னொரு சூட்டுப் பொட்டலத்தை எடுத்துப் பின்னால் நீட்டினேன். அவள் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை, கீழே விழுந்துவிட்டது.

பின்னால் ஒரு காய்கறி லாரி ஒட்டிக்கொண்டே வந்தது. ஒதுங்கி வழிவிட்டேன். வேகமாகப் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பனிச்சாலையில் நோயாளியை வைத்துக்கொண்டு வேகமாகப் போவது ஆபத்து. ஒரு விபத்தாகிவிட்டால் யார் பொறுப்பு? நான் சட்டத்துக்கு உட்பட்ட வேகத்துக்கும் கீழேதான் போனேன், எண் அந்த வேகத்தில்தான் நன்றாக ஏறும்.

"பயமா இருக்குங்க" என்றாள் அவள்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு ஃபுசாயே" என்றேன். பொய்யில்லை. அப்போது திரையில் எண் இருபத்தேழரை. முன்னால் ரயில் பாதைக்கு மேல் ஒரு மேம்பாலம் வரும், சின்ன ஏற்றம்தான், ஆனால் அங்கே இன்ஜின் விழித்துக்கொண்டால் எல்லாம் போச்சு. வாழ்க்கையில் அப்படி நான் பயந்ததே இல்லை.

பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியை அந்த இடத்தில்தான் கொஞ்சம் மேலே திருப்பிவிட்டேன். அவள் முகம் தெரிந்துகொண்டே இருந்தது. அந்த முகத்தைப் பார்த்தால் கால் நடுங்குகிறது, கால் நடுங்கினால் பெடல் நடுங்கும். எந்த ஓட்டுநரும் தன் கவனம் சிதறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மேம்பாலத்துக்கு முன்பு அவள் கை முன்னால் வந்து என் தோளைத் தொட்டது. ஐஸ் மாதிரி இருந்தது. "வேகமா... கெஞ்சிக் கேக்கறேன்" என்றாள். முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் அவள் என்னிடம் கெஞ்சியது அந்த ஒருமுறைதான்.

"பேசாதே, மூச்சு வீணாப் போகும்" என்றேன். அவள் நன்மைக்குத்தான் சொன்னேன். கை கொஞ்ச நேரம் தோளிலேயே இருந்துவிட்டு நழுவிப்போனது. மேம்பாலத்தைப் பேட்டரியிலேயே ஏறிவிட்டேன். உச்சியில் பச்சை விளக்கு ஒரு தடவை மினுக்கியது, அணையவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பெரிய மருத்துவமனை வாசலில் அவசரப் பிரிவுக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தினேன். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று அங்கிருந்த இளம் மருத்துவர் சொன்னார். அவருக்கு அனுபவம் போதாது என்று நினைக்கிறேன். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

நிறுத்தியதற்கும் நான் உள்ளே ஓடியதற்கும் நடுவே இருக்கும் நேரத்தைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன். வண்டியை அணைத்தால் அந்தப் பயணத்தின் எண் திரையில் சற்று நின்றுவிட்டு மறைந்துவிடும். குழுவில் வாய்வார்த்தையை யாரும் நம்ப மாட்டார்கள், படம் வேண்டும். கைபேசியை எடுத்தேன். முதல் படம் ஆடிவிட்டது. மறைவதற்குள் இன்னொன்று எடுத்தேன், அது தெளிவாக வந்தது. ஹதகெயாமாவுக்கு அனுப்பினேன். அதன் பிறகுதான் கதவைத் திறந்துகொண்டு ஆள் கூப்பிட ஓடினேன். ஓடினேன், நடக்கவில்லை.

அப்போது அவள் உயிரோடு இருந்தாள் என்று சொல்லி அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினீர்கள். திரையின் கண்ணாடியில், எண்ணுக்குப் பக்கத்தில், அவள் முகம் தெரிகிறது. கண் திறந்திருக்கிறது, வாய் எதையோ சொல்ல வருகிறது. நீங்கள் காட்டித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை ஐயா, எடுக்கும்போதே பார்த்தேன். எண் இருபத்தெட்டைத் தாண்டியிருந்தது. அவளும் அதைத்தான் பார்த்துச் சந்தோஷப்படுகிறாள் என்று நினைத்தேன்.