துணைக்கு விட்ட கறி

சுங்குவார்சத்திரத்தில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். இளையவள் பிரியாணிப் பொட்டலத்தை நீட்ட, மூத்தவள் வேண்டாம் என்றாள்.

“கறி தொடறதில்ல. தொண்ணூத்தி ஒண்ணுல, பத்தாவது படிக்கசொல்ல வுட்டேன். கறிக்கடையில கட்டியிருந்த ஆடு என் கைய நக்கிச்சி. அதோட சரி.”

“வூட்ல திட்டலயாக்கா?”

“அம்மா அழுதுச்சி. அப்பா மட்டும், ‘பாப்பாவுக்குத் துணையா நானும் வுட்டுட்டேன்’னாரு. அப்பறம் என்கூட சாம்பார்தான்.”

“பெரிய மனசுக்கா.”

“அவரு செத்ததுக்கு வந்த வாலாஜாபாத் ஓட்டல்காரர்தான் சொன்னாரு. ஞாயித்துக்கெயம தவறாம அங்க தலக்கறி சாப்ட்டு, வாசன போவ வெத்தல போட்டுக்கினுதான் கெளம்புவாராம்.”

“அப்போ உன்ன ஏமாத்திட்டாரா?”

மூத்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

“எனக்குத் தெரியக் கூடாதுன்னு எவ்ளோ தூரம் சைக்கிள் மிதிச்சிருக்காரு பாரு.”