முதல் வரி

குடும்பத்தோடு ஜியோகேச்சிங் தொடங்க நினைப்பவர்கள் முதலில் நல்ல ஷூ வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்தது ஒரு பேனா. பேனாவைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று தெரியாது, இன்ஸ்பெக்டர் ஐயா. இருந்தால் இந்த விளையாட்டைத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். நடந்ததை வைத்து விளையாட்டின் மேல் பழி போடக் கூடாது.

முகம் தெரியாத ஒருவர் ஒரு சின்ன டப்பாவைப் பொது இடத்தில் ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைச் செயலியில் போட்டுவிடுவார். நாம் கைபேசியைப் பார்த்துக்கொண்டே போய்க் கண்டுபிடிக்க வேண்டும். உள்ளே ஒரு குட்டி நோட்டு இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். புது டப்பா என்றால் நோட்டின் முதல் வரியைப் பிடிக்க அடிதடி. பரிசு என்று ஒன்றும் கிடையாது. அதற்கும் ஆட்கள் விழுந்தடித்து ஓடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமையானால் ஆளுக்கொரு மூலையில் கைபேசியும் கையுமாகக் கிடக்கிறோம் என்று என் மனைவி மூக்கைச் சிந்தியதால்தான் தொடங்கினோம். அதன் பிறகு எல்லோரும் சேர்ந்து கைபேசியைப் பார்த்தபடி வெயிலில் நடந்தோம். மனைவியின் தங்கை கணவரும், அதாவது என் சகலையும், கூப்பிடாமலே வந்து ஒட்டிக்கொண்டார். அவருக்கு மெத்தை வியாபாரம். நான் இருபத்திரண்டு வருடமாக நில அளவையாளர். இடத்தைத் துல்லியமாகச் சொல்வதுதான் எனக்குச் சோறு போடுகிறது.

முதல் ஞாயிறு, பூங்காவில் முக்காலியை நிறுத்தி, அளவைக் கருவியைப் பொருத்தி, கைபேசி காட்டும் இடம் ஏன் ஐந்து மீட்டர் பிசகும் என்று என் பத்து வயது மகளுக்குப் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிடம்கூட ஆகியிருக்காது. சகலை பெஞ்சுக்கு அடியில் கையை விட்டு டப்பாவை எடுத்துவிட்டார். மகள் துள்ளிக் குதித்தாள். அடுத்த இரண்டு வாரமும் இதே கதைதான். யாரும் தொடாத புது டப்பாக்களாகவே பார்த்துத்தான் சகலை கிளம்புவார். நான்காவது வாரத்திலிருந்து அவள் அவருடைய காரில் போனாள்.

ஒருநாள் அவள் அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னது என் காதில் விழுந்தது. "சித்தப்பா கூடப் போனா டப்பா கிடைக்கும். அப்பா கூடப் போனா பாடம்தான் கிடைக்கும்."

கோபமா என்று கேட்டீர்கள். கோபமில்லை. குழந்தை தவறான முறையைக் கற்றுக்கொள்கிறதே என்கிற கவலைதான்.

அதனால் நானே ஒரு டப்பா வைக்கலாம் என்று தீர்மானித்தேன். ஊருக்கு வெளியே உள்ள கைவிடப்பட்ட கல்குவாரியை நான்கு வருடம் முன்பு நான்தான் அளந்தேன். அதன் வடக்கு விளிம்பு அடியில் குடைந்துபோயிருக்கிறது. யாரும் ஏறக் கூடாது என்று அறிக்கையில் எழுதியவனும் நான்தான். எச்சரிக்கைப் பலகை பெயின்ட் உரிந்து அசிங்கமாக இருந்ததால் கழற்றினேன். வேலியை அறுத்தேன் என்று சொல்வது சரியல்ல. துருவேறி, அறுபடத் தயாராக இருந்த கம்பியைத்தான் அறுத்தேன். டப்பாவை விளிம்பிலிருந்து ஓரடி உள்ளே வைத்து, வேறொரு பெயரில் செயலியில் போட்டேன். 'ஒரு நட்சத்திரம், மிக எளிது. புதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஏற்றது.' அந்தக் கணக்கை அலுவலகக் கணினியில் திறந்தது என் அசட்டை. அதை நீங்கள் பிடித்துவிட்டீர்கள், பாராட்டுகள்.

மகளும் கூடப் போவாள் என்று தெரியாதா என்கிறீர்கள். தெரியாமலென்ன? விளிம்பின் அகலம், கனம், குடைவின் ஆழம் எல்லாம் என் அறிக்கையிலேயே இருந்தன. இரண்டு மதிய இடைவேளைகளில் கணக்குப் போட்டேன். நாற்பது கிலோ வரை தாங்கும் என்று வந்தது. மகள் முப்பத்தொரு கிலோ. பள்ளியில் நடந்த மருத்துவச் சோதனைக்குப் பிறகு ஏறியிருக்கலாம் என்று வீட்டு எடைமெஷினில் ஷூவோடு நிறுத்தியும் பார்த்தேன். "எதுக்குப்பா?" என்றாள். வளர்ந்திருக்கிறாயா என்று பார்க்கிறேன் என்றேன். வேறெந்தத் தகப்பன் இவ்வளவு மெனக்கெடுவான்? சகலை தொண்ணூற்று நான்கு.

ஞாயிறு காலை சகலை வாசலில் ஹாரன் அடித்தார். "நீங்களும் வாங்கண்ணா, குவாரின்னா உங்க ஏரியாவாச்சே." முட்டி வலிக்கிறது என்றேன். கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. மகள் பேனாவை எடுத்துக்கொண்டு, "வாங்கப்பா, ப்ளீஸ்பா" என்று மூன்று முறை கெஞ்சினாள். கார் தெருமுனை திரும்பும்வரை என்னையே பார்த்துக்கொண்டு போனாள்.

அவள் சொல்லித்தான் மற்றது எனக்குத் தெரியும். "நீ இங்கேயே நில்லு பாப்பா, சித்தப்பா எடுத்துத் தரேன்" என்று அவளை நிறுத்திவிட்டு அவர் மட்டும் விளிம்பில் ஏறியிருக்கிறார். அறுபதடி ஆழம். மெத்தைக்காரர்தான், ஆனாலும் கீழே வெறும் பாறை. என் கணக்கு ஒரு கிலோகூடப் பிசகவில்லை. ஆமாம், நான்தான் கொன்றேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இதுவரை அவர்கள் கண்டுபிடித்த பதினான்கு டப்பாக்களின் நோட்டுகளையும் நீங்கள் மேசைமேல் பரப்பியபோது எதற்கென்று புரியவில்லை. கையெழுத்துப் போடும் நேரத்தில் நான் எப்போதும் முக்காலியை மடித்துக்கொண்டிருப்பேன். ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்த்ததில்லை. சகலையின் கையெழுத்து எல்லாவற்றிலும் இரண்டாவது வரியில்தான் இருக்கிறது. முதல் வரியில் என் மகளின் கோணல் எழுத்து. பதினான்கிலும் அதே இரண்டு சொற்கள். 'அப்பாவும் நானும்.'

நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், ஐயா. அது தவறான பதிவு. முதல் மூன்று இடங்களில்தான் நான் இருந்தேன். மற்ற பதினொன்றையும் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.