மரக்கிடங்குக் கச்சேரியில் உட்கார்ந்தவர்கள்

ஐயா,

போன ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிக்கு யார் யார் வந்தார்கள், எங்கெங்கே உட்கார்ந்தார்கள் என்று எழுதித் தரச் சொல்லியிருந்தீர்கள். நாற்காலி போட்டவனே நான் என்பதால் அது எனக்குச் சுலபம்.

முதல் வரிசையில் எங்கள் முதலாளி, அவர் மனைவி, மரைன் ஹில்லிலிருந்து வந்த அதிகாரிகள் ஆறு பேர். இரண்டாவதில் கோயில் பெண்கள் ஒன்பது பேர். அதில் ஐந்தாவது நாற்காலியில் என் தம்பி செபஸ்தியானின் விதவை லூசி. மூன்றாவது வரிசையில் லம்பா லைன் பக்கத்துக் கடைக்காரர்கள். எல்லோருக்கும் பின்னால், அறுத்த பலகை அடுக்கைத் தாண்டி, பெஞ்சுகளில் கட்டை மிதக்கவிடும் ஆட்கள் பதினொரு பேர். மேடைப் படி ஓரம் மைக்கோடு நான். மேடையில் கல்கத்தாவிலிருந்து வந்த நால்வர்: டிரம், ஆளுயரப் பிடில், சாக்ஸபோன், டிரம்பெட். டிரம்பெட் வாசித்தவர்தான் இறந்துபோன வியாகுலம்.

நீங்கள் கேட்டது இவ்வளவுதான். ஆனால் மேடைப் பலகை பெயர்ந்ததற்குத் தச்சர் தங்கையாவை ஸ்டேஷனில் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவர் அடித்த ஆணி தானாகக் கழன்றதே கிடையாது. ஒருவருடைய வேலையைக் காரணமில்லாமல் குறை சொல்வது எனக்குப் பிடிக்காது. ஆகவே மீதியையும் வரிசையாக எழுதுகிறேன்.

பதினாலு வருஷத்துக்கு முன் வியாகுலம் எங்கள் கிடங்கில்தான் வேலை பார்த்தார். கோயில் பேண்டிலும் ஊதுவார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படகுத்துறையில் நின்று பழகுவது வழக்கம். அப்படி ஒரு மத்தியானம் என் தம்பி மிதக்கும் கட்டைகளுக்கு இடையில் வழுக்கி விழுந்தான். கட்டைகள் மேலே கூடிக்கொண்டன. அவன் கத்தினான். பக்கத்தில் இருந்த ஒரே ஆள் வியாகுலம். அவர் டிரம்பெட்டை எடுத்து ஊதிக்கொண்டே நின்றார். "கட்டை இழுக்கிற பாட்டு என்று நினைத்துப் பதிலுக்கு ஊதினேன்" என்பது விசாரணையில் அவருடைய வாக்குமூலம். ஆபீஸ் கிளார்க் என்ற முறையில் அதை இங்கிலீஷில் எழுதியது நான். அவர் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு அவரோடு யாரும் பேசவில்லை. டீக்கடைக்குப் போனால், "என்னடே வியாகுலம், பாட்டு நல்லாருந்துச்சா?" என்பார்கள். ஒரு மாதத்தில் தீவை விட்டுக் கல்கத்தாவுக்குக் கப்பலேறிவிட்டார்.

திரும்பி வந்ததும் முதலில் என்னிடம்தான் வந்தார். தலை நரைத்திருந்தது. "அண்ணே, நான் இப்ப வாசிக்கிறதெல்லாம் அன்னைக்கு ஊதுனதுதான்" என்றார். அதை நான் திமிர் என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை ஒத்திகை பார்த்தேன். அவர்கள் முன்னால் காகிதம் இல்லை, தாளம் போட ஆள் இல்லை. கிடங்கு ரம்பம் கிறீச்சிட்டது. சாக்ஸபோன் அதே மாதிரிக் கிறீச்சிட்டது. சாத்தம் ஃபெர்ரிப் படகு ஹாரன் அடித்தது. பிடில்காரர் அதை அடிக்குரலில் இழுத்தார். நாய் குரைத்ததற்குக்கூட டிரம் பதில் சொன்னது.

"இதுல எது தப்பு, எது சரின்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"தப்புன்னு ஒண்ணு கிடையாதுண்ணே. எந்தச் சத்தம் வந்தாலும் பதில் சொல்லணும். அவ்வளவுதான் ரூல்."

நல்ல விதியாகப் பட்டது. உச்சத்தில் ஊதும்போது வியாகுலம் கண்ணை மூடிக்கொண்டு பின்னாலேயே நடந்து, தண்ணீருக்கு மேல் நீட்டியிருக்கும் மேடையின் ஓரத்துக்குப் போவார். ஒத்திகையில் மூன்று தடவையும் அதே பலகையில்தான் போய் நின்றார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பூசைக்குப் போயிருந்தபோது அந்தப் பலகையின் நான்கு ஆணிகளையும் பிடுங்கினேன். பிறகு உட்கார்ந்து யாருக்கு எந்த இடம் என்று எழுதினேன். நீந்தத் தெரிந்தவர்கள் அந்தப் பதினொரு பேர்தான். பலகை அடுக்குக்குப் பின்னாலிருந்து பார்த்தால் தண்ணீர் தெரியாது.

மூன்று மணிக்கு மைக்கில் தமிழிலும் இந்தியிலும் அறிவித்தேன்: "இந்தக் கச்சேரியில் எந்த வகையான சத்தமும் வரலாம். எல்லாம் நிகழ்ச்சியின் பகுதியே. கலைஞர்களின் கவனம் சிதறாமல் இருக்க, யாரும் எழுந்திருக்க வேண்டாம்." முதலாளி திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்.

வாசிப்பு எனக்குப் புரியவில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நாலு பேரும் ஒருவரை ஒருவர் அவ்வளவு கவனித்துக் கேட்டு நான் எங்கும் பார்த்ததில்லை. இருபதாவது நிமிஷம் வியாகுலம் கண்ணை மூடினார். பின்னால் நடந்தார். பலகை புரண்டது. மற்ற மூவரும் எங்களைப் பார்த்து நின்றதால் அவர்களுக்குத் தெரியவில்லை. டிரம்பெட் தண்ணீரில் விழுந்த ஓசைக்கு டிரம்காரர் ஒரு தட்டுத் தட்டினார். கைதட்டல் எழுந்தது.

கீழேயிருந்து குரல் வந்தது. "அருளப்பண்ணே." சாக்ஸபோன் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. மறுபடியும் குரல். மறுபடியும் சாக்ஸபோன். என் பேரை அத்தனை விதமாக வாசிக்கலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

லூசி எழுந்தாள். "அத்தான், யாரோ உங்க பேரச் சொல்லிக் கூப்பிடுறாங்க."

"உக்காரு லூசி. பாட்டுலதான் வருது."

பின்னால் யாரோ, "க்யா ஹுவா?" என்று இந்தியில் என்ன ஆச்சென்று கேட்டார்கள். "அரே பைட் ஜா, ப்ரோக்ராம் ஹை", உட்கார், இது நிகழ்ச்சிதான் என்று இன்னொருவர் அடக்கினார். சிரிப்பும் கேட்டது. என் கடிகாரத்தில் நான்கு நிமிஷம். குரல் நின்றதும் சாக்ஸபோன்காரர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பதில் வராததால் திரும்பிப் பார்த்தார். அவர் கத்தியதையும் கச்சேரி என்றே நினைத்து முதல் வரிசையில் இரண்டு பேர் கைதட்டினார்கள்.

இத்தோடு முடித்திருப்பேன். நேற்று லூசி வந்து வாசலிலேயே நின்றாள். சாக்ஸபோன்காரர் அவளிடம் ஏதோ சொல்லியிருக்கிறார். நீச்சல் தெரியாததால்தான் வியாகுலம் அன்று தண்ணீரில் குதிக்கவில்லையாம். தம்பி விழுந்த அன்றைக்கு அவர் ஊதியது அவனுக்குப் பதில் சொல்ல அல்லவாம். ஆபீஸ் ஜன்னலைப் பார்த்து, ஆள் வரச் சொல்லி ஊதினாராம். ஒரு கை வந்து ஜன்னலைச் சாத்தியதாம். யார் கை என்று தெரியாது என்று கல்கத்தாவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"ஆபீஸ்ல அன்னைக்கு யாரு இருந்தா, அத்தான்?" என்று கேட்டாள்.

அவளுக்குச் சொல்லவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். நான்தான் இருந்தேன். அன்று கப்பல் தபால் போகும் நாள். மெயின்லேண்டுக்கு ஒரு கடிதம் பாதியில் நின்றது. விசாரணையில் வியாகுலம் ஜன்னல், கை என்று என்னென்னவோ சொன்னார், அழுதுகொண்டே. அழுகிறவர்கள் பேச்சு கோர்வையாக வராது. கோர்வையாக்குவது என் வேலை. அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்க வேண்டும்: அவர் அவ்வளவு சத்தமாக ஊதாமல் இருந்திருந்தால் நான் ஜன்னலைச் சாத்தியிருக்க மாட்டேன். தம்பியின் குரல் எனக்குக் கேட்டிருக்கும். என் தம்பி சாவுக்கு அவர்தான் காரணம் என்பதில் எனக்கு அன்றும் இன்றும் சந்தேகமில்லை.

நான்கு ஆணிகளையும் தாளில் சுற்றி இதனுடன் வைத்திருக்கிறேன். தங்கையாவின் சம்சாரம் பொன்னம்மா காலையிலிருந்து கிடங்கு கேட்டுக்கு வெளியே நின்று, "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். ஐந்து மணி ஃபெர்ரியில் இதைக் கொண்டுபோகப் பியூன் வந்து காத்திருக்கிறார். இந்தச் சத்தத்தில் உங்கள் விலாசத்தை ஒழுங்காக எழுத முடியவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு, உறையை ஒட்டிக் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
சூ. அருளப்பன்
இணைப்பு: ஆணி 4